அழியும் பேனாவில் எழுதிய எண்பத்தொன்று

என்னிடம் பேனா கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இரவல் வாங்கி எழுதிவிட்டு, மூடியை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர்களை அறவே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே படிக்கப் படிக்க, பேனா விஷயத்தில் இவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

குளிர்பதனக் கிடங்குகளின் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் கடைக்கு வருவதற்கு முன்னால் மைனஸ் இருபது டிகிரியில் மாதக்கணக்கில் தூங்குகிற கிடங்குகள் மும்பையைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அந்தக் குளிரை உண்டாக்குகிற கம்ப்ரசர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அழுத்தம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எந்த இடம் எத்தனை டிகிரி சூடு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். சாயங்காலம் அதை ரிப்போர்ட்டாக டைப் செய்து கிடங்குக்காரர்களுக்கு அனுப்புவேன். நாள் முழுக்க எண்கள்தான். ஒரு வாக்கியம் முழுசாக எழுத நேர்ந்தால் கை தடுமாறும்.

இந்த வேலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. கதவுக்கு இந்தப் பக்கம் இயந்திர அறை: நாற்பது டிகிரி, வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் குளிர் அறை: மூச்சு விட்டால் புகை வரும். இரண்டு இடத்திலும் ஒழுங்காக எழுதுகிற பேனா எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. சாதாரண பால்பாயிண்ட் இயந்திர அறையில் படு சமர்த்து. எண்ணெய் பட்ட காகிதத்தில்கூட முணுமுணுக்காமல் எழுதும். குளிர் அறைக்குள் கொண்டுபோனால் மை இறுகிவிடும். காகிதத்தில் பள்ளம் விழும், எழுத்து விழாது. அங்கே பென்சில்தான் கதி.

பென்சிலிலும் எல்லாம் ஒன்றில்லை. அரை மில்லிமீட்டர் முனை வைத்த மெக்கானிக்கல் பென்சில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி. கையுறை போட்டுக்கொண்டு எழுதினால் படக் படக்கென்று ஒடியும். புள்ளி ஏழு தாங்கும். எந்தக் குழாய் எங்கே வளைந்து எதோடு சேருகிறது என்று படம் போட அதைப்போல் ஒரு சுகம் கிடையாது. 2B எழுதும்போது அழகு, ஆனால் பக்கத்தைப் புரட்டுவதற்குள் உள்ளங்கைக்கு வந்துவிடும். ஆக, குளிர் அறைக்குச் சீவுகிற பென்சில், HB. அதிலும் அறுகோணம்தான், உருண்டை வேண்டாம். உருண்டைப் பென்சில் கைதவறினால் பலகை அடுக்குக்கு அடியில் போய்விடும். பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டு நான் தேடியிருக்கிறேன்.

ஜெல் பேனாவை நம்பிக் கெட்டதும் உண்டு. ஒரு ஜூலையில் குர்லாவில் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் நடந்து செம்பூர் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், ஒரு மாத ரீடிங்குகள் கரைந்து ஒரே நீலமாக இருந்தன. அடுத்த மாதம் அத்தனை கிடங்குகளுக்கும் போன் செய்து அவர்களுடைய லாக் ஷீட்டைக் கெஞ்சி வாங்கினேன். அன்றிலிருந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜெல் பேனாவுக்கு லீவு.

பேனாவை எங்கே வைத்துக்கொள்வது என்பது இன்னொரு பாடு. ஆண்களுக்குச் சட்டைப் பை இருக்கிறது. குர்தா தைக்கிறவர்கள் பெண்களுக்கு எழுதத் தெரியாது என்றே முடிவு கட்டிவிட்டார்கள் போல. அதனால் பேனா கழுத்து அடையாள அட்டைக் கயிற்றில், பென்சில் கொண்டையில். சொருகியதை மறந்துவிட்டு லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏறி, பின்னால் நிற்கிறவள் தோளைத் தட்டி, "அக்கா, பென்சில் குத்துகிறது" என்று மராத்தியில் சொல்வது எனக்கு வாரம் ஒருமுறை நடக்கும். மாட்டுங்காவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அப்படியே போய் நின்றால், அவளுக்குப் பொறுக்காது.

"ஆபீஸ் போயிட்டு வரவா மாதிரியாடி இருக்கே? கட்டில் ரிப்பேர் பண்ண வந்தவன் மாதிரி இருக்கே."

"அவன் காதுல சொருகிப்பான்மா. நான் கொண்டைல."

"ரொம்பப் பெருமைதான்."

அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பேனாக் கடை இருக்கிறது. கடைக்காரர் குஜராத்தில் கச் பக்கத்துக்காரர், ஆனால் மாட்டுங்காவில் பிறந்தவர் என்பதால் தமிழில் பேரம் பேசுவார். பேனா வாங்க வருகிறவர்கள் சோதித்துப் பார்க்க ஒரு அட்டை வைத்திருப்பார். எல்லோரும் அதில் கையெழுத்துப் போடுவார்கள், சிலர் பிள்ளையார் சுழி போடுவார்கள். நான் 4, 9, 1, 7, 0, 6 என்று எழுதுவேன். நாலும் ஒன்பதும் குழம்புகிற பேனா எனக்கு ஆகாது. தடித்த முனையில் பூஜ்யமும் ஆறும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதுவும் ஆகாது. என் எண்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவர், "லாட்டரியா மேடம்?" என்று கேட்டார்.

அவர்தான் ஒருநாள் அந்தப் பேனாவை எடுத்துக் காட்டினார். எழுதினால் கருநீலம், நல்ல மெலிசு. பின்பக்கம் ஒரு ரப்பர் குமிழ். அதை வைத்து நாலு தேய் தேய்த்தால் எழுத்து மாயமாகிவிடுகிறது. பென்சில் ரப்பர்போலத் தூள் கிடையாது, காகிதம் கிழிவது கிடையாது. தேய்க்கிற சூட்டுக்கு அந்த மை நிறம் இழந்துவிடும் என்று விளக்கினார். நான் நாலை எழுதி, அழித்து, ஒன்பது எழுதி, அழித்து, அங்கேயே அரை டஜன் வாங்கினேன்.

வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தொழிலில் எழுதினதை அழிக்கக்கூடாது. தப்பாக எழுதினால் மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும். நல்ல வழக்கம்தான். ஆனால் என் குறிப்பேட்டில் கோடுகள் கொஞ்சம் அதிகம். முன்னால் நடந்த ஒரு கூத்துக்குப் பிறகு, ஒவ்வொரு கோடும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அந்தக் கூத்து இதுதான். செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கம் இருக்கும் ஒரு கிடங்கை எனக்குப் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். சூட்டை அளக்க எங்களிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி உண்டு. குறிவைத்து அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், திரையில் எண் வரும். கம்ப்ரசரின் பேரிங் மேல் குறிவைத்தேன். நூற்று நாற்பத்திரண்டு என்று வந்தது. எண்பதைத் தாண்டினாலே மெஷினை நிறுத்த வேண்டும். நான் கத்திய கத்தலில் மெஷினை நிறுத்தினார்கள், மேலாளர் ஓடி வந்தார், குளிர் அறையில் ஐஸ்கிரீம் இளகிவிடுமோ என்று ஆளாளுக்குப் பதறினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது: கருவியில் யாரோ பொத்தானைத் தட்டி ஃபேரன்ஹீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். உண்மையில் அறுபத்தொரு டிகிரி. அன்றிலிருந்து அந்தக் கிடங்கில் எனக்கு ஃபேரன்ஹீட் மேடம் என்று பெயர். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள்கூட நான் கேட்டில் நுழைந்தால், "இன்னைக்கு எவ்வளவு கர்மி, மேடம்?" என்று சூட்டை விசாரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் அங்கே ஒருவர்தான். கம்ப்ரசர் அறை ஆபரேட்டர், தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலி பக்கம். ஐம்பது வயதிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். தமிழ் பேசுகிற ஆள் கிடைத்தது என்று என்னைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம். டீயை ஊற்றிக் கொடுத்து, எண்ணெய் பிரிக்கும் தொட்டியின் மேல் வைக்கச் சொல்வார். அந்தத் தொட்டியின் தலை தட்டையாக இருக்கும், எப்போதும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருக்கும். கம்ப்ரசர் அறைக்காரர்களுக்கு அதுதான் மேசை, அதுதான் அடுப்பு. டீ ஆறாமல் இருக்க, டிபன் டப்பா சூடாக இருக்க, ஈரக் கைக்குட்டை காய, எல்லாம் அதன் மேல்தான். இருபது கிடங்குகளில் பார்த்துவிட்டேன், எங்கே போனாலும் இந்த வழக்கம் மாறாது.

புதுப் பேனா கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது அண்ணாச்சி டீயோடு ஒரு சங்கதியும் வைத்திருந்தார்.

"மேடம், ரெண்டாம் நம்பர் மஷீன் ஆவாஜ் வேற மாதிரி கேக்கு. ரெண்டு நாளா. உள்ளுக்குள்ள எதோ பல்லக் கடிக்க மாதிரி."

நானும் காதைக் கொடுத்தேன். கம்ப்ரசர் அறையில் எல்லாச் சத்தமும் சத்தம்தான். எனக்கு ஒன்றும் பிரிந்து கேட்கவில்லை. கருவியை எடுத்தேன். செல்சியஸில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன், இருந்தது. பேரிங் மேல் குறிவைத்தேன். எண்பத்தொன்று. இன்னொரு தடவை எழுபத்தொன்பது. மூன்றாவது தடவை மறுபடியும் எண்பத்தொன்று.

குறிப்பேட்டில் 81 என்று எழுதினேன். பக்கத்தில் "சத்தம்?" என்றும் எழுதினேன். பிறகு அதே பத்தியில் மேலே இருந்த எண்களைப் பார்த்தேன். ஆறு வாரமாக 64, 65, 63, 66, 65, 66. அவற்றுக்குக் கீழே இந்த 81 தனியாக உட்கார்ந்திருந்தது. மெஷினை நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தால், அந்த மேலாளர் மறுபடி ஓடி வருவார், மூட்டை ஏற்றுகிறவர்கள் கூடி நிற்பார்கள், எதையோ ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. கருவியின் பேட்டரி போயிருக்கலாம். நான் குறிவைத்த கோணம் சரியில்லாமல் இருக்கலாம். அடுத்த வாரம் வேறு கருவி கொண்டுவந்து பார்க்கலாம்.

பேனாவைத் திருப்பி நாலு தேய் தேய்த்தேன். எண்பத்தொன்றும் போயிற்று, சத்தமும் போயிற்று. அந்த இடத்தில் 66 என்று எழுதினேன். பக்கம் சுத்தமாக இருந்தது.

"என்ன மேடம், எதும் உண்டா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. நார்மல்தான்."

அவர் தலையாட்டினார். அன்று சாயங்காலம் 66 ரிப்போர்ட்டில் ஏறி மேலாளருக்கு மின்னஞ்சலில் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சியின் ஷிப்டில் இரண்டாம் நம்பர் மெஷின் இறுகி நின்றுவிட்டது. போன் வந்ததும் ஓடினேன். பேரிங்கைப் பிரித்தோம். கருகிப்போய் நீலம் பாய்ந்திருந்தது. பாதியில் மேலாளர் வந்து, எல்லோர் எதிரிலும் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சர்வீஸ் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது, மூன்று நாளில் இப்படி ஆகிறதென்றால் எண்ணெய் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள், சத்தம் கேட்டிருக்குமே, காது என்ன ஆயிற்று என்று ஹிந்தியில் கேட்டார். அண்ணாச்சி, தான் செவ்வாய்க்கிழமையே மேடத்திடம் சொன்னதாகச் சொன்னார். மேலாளர் என்னைப் பார்த்தார். பிரித்த மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டு ஏதோ தேடுகிறவள்போல் குனிந்துகொண்டேன்.

"உங்கள் ஒரிஜினல் குறிப்பேட்டை நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுத்து வாருங்கள்," என்று என்னிடம் சொன்னார் மேலாளர். "இந்த ஆள் சொன்னது அதில் இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் நாளையோடு கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவோம். இருபது வருஷ இரைச்சலில் காது போய்விட்டது இவருக்கு."

அவர் போனதும் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் பயம் இருந்தது, ஆனால் நம்பிக்கையும் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் சொன்னப்பவே நீங்க எதோ எழுதினியல்லா மேடம். அதைக் காமிச்சாப் போதும். இனிமே எந்தக் கம்பெனில எனக்கு வேலை தருவான்? மக காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கா."

குறிப்பேட்டை எடுக்கத் திரும்பினேன். கையெல்லாம் கிரீஸாக இருந்ததால், வேலை செய்யும்போது பார்த்துக்கொள்ள வசதியாக, அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒன்றாம் நம்பர் மெஷினின் எண்ணெய்த் தொட்டி மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். பத்து வருஷமாகச் செய்கிற பழக்கம். டீயை எங்கே வைப்பேனோ அங்கேயே குறிப்பேட்டையும் வைப்பேன். பால்பாயிண்டுக்கும் பென்சிலுக்கும் அதனால் ஒன்றும் ஆனதில்லை. புதுப் பேனா வந்தபிறகு இப்படித் திறந்து மணிக்கணக்கில் வைத்தது அன்றைக்குத்தான். எடுத்துத் திருப்பினால், பக்கம் வெள்ளையாக இருந்தது. எதிர்ப் பக்கமும் வெள்ளை. முன்னும் பின்னும் ஏழெட்டுத் தாள்கள், அச்சடித்த கோடுகளைத் தவிர ஒன்றும் இல்லை.

தேய்க்கிற சூட்டில் அழிகிற மை, அடுப்புமேல் வைத்தால் சும்மா இருக்குமா. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கூடவே இன்னொன்றும் ஏறியது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாடா என்று இருந்தது. அறுபத்தாறும் இல்லை, எண்பத்தொன்றும் இல்லை. சூட்டில் போய்விட்டது, நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு மூன்று நிமிஷம் அந்த நிம்மதியில் நின்றேன்.

அண்ணாச்சி வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதினது எங்க மேடம்?" என்றார், பிள்ளையைத் தொலைத்தவர் கேட்பதுபோல். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செல்போனை எடுத்து, சூட்டில் அழிந்த மையைத் திரும்ப வரவைக்க வழி உண்டா என்று தேடினேன். உலகத்தில் எத்தனையோ மாணவர்கள் இதே பேனாவால் நோட்டை வெயிலில் காருக்குள் விட்டு அழுதிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ஃப்ரீசரில் வையுங்கள், எழுத்து திரும்பி வரும். அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ஜாக்கிரதை, நீங்கள் வேண்டுமென்றே அழித்ததும் சேர்ந்து வரும்.

அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு வழியும் இல்லை அண்ணாச்சி என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃப்ரீசர்ல வெச்சா வருமாம்," என்றேன்.

இருபது வருஷமாக மைனஸ் இருபதில் வேலை பார்க்கிற மனிதரிடம் அதைச் சொன்னதும், அந்தச் சூழ்நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்மகிட்ட இல்லாத ஃப்ரீசரா மேடம்," என்றார். நான் கொண்டுபோகிறேன் என்று சொல்வதற்குள் குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பட்டாணி மூட்டைகளுக்கு நடுவில் திறந்து வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

இரண்டு மணி நேரம் கழித்து அவரே போய் எடுத்து வந்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் உடனே என்னிடம் தரவில்லை. குழல்விளக்குக்குக் கீழே நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் வார்த்தைகள் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆனால் எண்களை நாள் முழுக்க எழுதுகிறவர். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எல்லாம் வந்திருந்தது. எப்போதோ எழுதி அழித்த "கறிவேப்பிலை, பால் அரை லிட்டர்" வந்திருந்தது. ஒரு மீட்டிங்கில் பொழுது போகாமல் வரைந்து அழித்த மேலாளரின் மூக்கு வந்திருந்தது. ரெண்டாம் நம்பர் மெஷினுக்கு நேரே 66, அதற்கு அடியில் கொஞ்சம் வெளிறின 81, பக்கத்தில் "சத்தம்?"

"ரெண்டு நம்பர் இருக்கு மேடம்."

"ஆமா அண்ணாச்சி."

"எது மொதல்ல எழுதினது?"

"எண்பத்தொண்ணு."

அவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். "அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு," என்றார். மூன்று நாளாக, மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே, அவருக்கே அந்தச் சந்தேகம் வந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நார்மல் என்று ஒரு எஞ்சினியர் சொன்னபிறகு, கேட்கிற சத்தத்தைத் தன் காதின் கோளாறு என்றே நினைத்துக்கொண்டு மெஷினை ஓட்டியிருக்கிறார்.

பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. "நார்மல்னு சொன்னியளே மேடம்," என்றார். "நான் உங்களை நம்பிட்டேன்லா." குறிப்பேட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றாம் நம்பர் மெஷினுக்கு எண்ணெய் பார்க்கப் போய்விட்டார்.

அதை என்னிடமே கொடுத்தாரே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் என் கணவர் சாயங்காலம் வந்ததும் மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை அணைப்பதற்கு முன்னால், "உன்னோடது ஏதாவது இருந்தா குடு, சூடு இருக்கு," என்றார். என் பை சோபாவில் கிடந்தது. அந்தப் பக்கத்தின் மேல் ஒரே ஒரு இழுப்பு போதும். அண்ணாச்சி என்ன சொன்னாலும் வெள்ளைத் தாளுக்கு எதிராக நிற்காது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னுடையது எதுவும் இல்லை என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போயிடுமோ?" என்று கேட்டேன். "போகலாம்," என்றார். அவர் எப்போதுமே ஆறுதலுக்குப் பொய் சொல்ல மாட்டார். அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை பதினோரு மணி. மேலாளர் அறையில் நாலு பேர்தான்: அவர், ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரர், அண்ணாச்சி, நான். ஒப்பந்தக்காரரிடம் கடிதம் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அண்ணாச்சி தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து மேசையில் வைத்தேன். தன் மூக்கை மேலாளர் கவனிக்கவில்லை, நல்லவேளை. ரெண்டாம் நம்பர் மெஷினின் வரிசைக்கு வந்து நின்றார்.

"இது என்ன, ஒன்றின் மேல் ஒன்று? யார் எழுத்து?"

"ரெண்டும் என் எழுத்துதான்," என்றேன்.

"எது சரி?"

"எண்பத்தொன்று."

"அப்படியென்றால் அறுபத்தாறு ஏன்?"

என்னிடம் பதில்கள் இருந்தன. அந்தக் கருவி பளபளப்பான இரும்பின் மேல் சரியாகக் காட்டாது. அறையில் காற்றோட்டம் சரியில்லை. பேட்டரி பழசு. ஒவ்வொன்றையும் ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் தமிழில் வந்துவிட்டது.

"பயமா இருந்தது."

மேலாளருக்குப் புரியவில்லை. அறையில் தமிழ் தெரிந்தவர் இன்னொருவர் அண்ணாச்சிதான், அதனால் அவர் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நேற்றுக் கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. பிறகு மேலாளரைப் பார்த்து, "மஷீன் கரம் தா, சாப். மேடம் யஹீ போல் ரஹீ ஹை," என்றார். மெஷின் சூடாக இருந்தது, மேடம் அதைத்தான் சொல்கிறார்.

அவர் வேலையைக் காப்பாற்ற அவ்வளவு போதும். என்னை எதற்காகக் காப்பாற்றினார் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. மேலாளர் தலையாட்டிக்கொண்டு காகிதத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், திருத்தும்போது நேர்ந்த பிழை என்று அது முடிந்திருக்கும்.

"இல்லை சார்," என்றேன், இந்தத் தடவை ஹிந்தியில். "அவர் மாற்றிச் சொல்கிறார். பயந்துவிட்டேன் என்றுதான் நான் சொன்னேன். சத்தம் சரியில்லை என்று அவர் சொன்னார். சூடு எண்பத்தொன்று என்று நானே பார்த்தேன். பார்த்துவிட்டு அழித்தேன், அவரிடம் நார்மல் என்று சொன்னேன். மெஷினை நிறுத்தாதது அவர் இல்லை, நான்."

ஒப்பந்தக்காரர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனியிலிருந்து அந்தக் கிடங்குக்கு வேறு ஒரு எஞ்சினியர் போனார். கம்ப்ரசர் அறையில் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தது அண்ணாச்சி.